செயின் லாக்

ஞாயிறு ஆறு மணிக்கு
தண்டையார்பேட்டைச் சந்தில்
சென்டர் ஸ்டாண்ட் போட்டால்
பாதித் தெரு எனக்கு.
ஏழுக்குத் தண்ணி லாரி வரும்.
அதற்குள் முடிக்கணும்.

வாரத்துக்கு நானூறு கிலோமீட்டர்.
கத்திவாக்கம், எண்ணூர், மணலி.
வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் ரத்தத்தை
ஐஸ் பெட்டியில் அடுக்கி
ஒன்பதரைக்குள் லேபில் சேர்க்கிற வேலை.
வண்டி படுத்தால் ரத்தம் கெடும்.
ரத்தம் கெட்டால் மறுபடி ஊசி,
மறுபடி அவர்கள் முகம்.

இங்கே காற்றிலேயே உப்பு.
காசிமேட்டு மீன் வண்டிகள்
வழிநெடுக ஒழுகவிடும் தண்ணீரிலும் உப்பு.
அதன்மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஒரு பூச்சு.
ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை செயின் துடை
என்கிறது வண்டியோடு வந்த புத்தகம்.
கடலைப் பார்க்காத யாரோ எழுதியது.

ஃபில்டரைச் சுவரில் தட்டினேன்.
சுவர்தான் கறுத்தது.
பிளக்கின் முனை காபித்தூள் நிறம், பரவாயில்லை.
கறுப்பாய் ஈரமாய் இருந்தால்தான்
பெட்ரோலை வீணாய்க் குடிக்கிறது என்று அர்த்தம்.
கிளட்ச் கேபிளுக்குள்
தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு.
பின் டயரில் ஆணி இல்லை,
ஒரு கிளிஞ்சல் துண்டு இருந்தது.

செயினைக் கழற்றி
பழைய பெயின்ட் டப்பாவில் டீசல் ஊற்றி ஊறப்போட்டேன்.
லாக்கைப் படியில் வைத்தேன்.
நெத்திலி அளவுகூட இருக்காது,
ஆனால் அச்சு அசல் மீன்.
ஒரு பக்கம் மூடிய தலை,
மறுபக்கம் பிளந்த வால்.
தலை போகிற திசையில் இருக்கணும்.
போன ஆடியில் முந்நூறு ரூபாய் வாங்கிய மெக்கானிக்
வாலை முன்னால் மாட்டிவிட்டான்.
எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில்
கன்டெய்னர் லாரிக்கு நாலடி முன்னால்
செயின் பாம்பாய் உதிர்ந்தது.
அதிலிருந்து நானேதான்.

ஆறரைக்கே லாரி.
"எப்சிபா! வண்டிய எடு!"
ஹாரன். குடங்கள். கால்கள்.
தள்ளினால் உருண்டு ஓடுகிறது.
செயின் இல்லாத வண்டி இவ்வளவு லேசா?
"ஓட்டத் தெரிஞ்சா போதுமா, நிறுத்தத் தெரியவேணாமா?"
டிரைவர் தலையை நீட்டிக் கேட்டான்.
படி முழுக்கக் குடங்கள் ஏறியிருந்தன.

லாரி போனதும் தேடினேன்.
உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி
சேற்றில் இழுத்தேன்.
ஊக்கு வந்தது, சோடா மூடி ரெண்டு வந்தது,
யாருடையதோ ஹேர்பின் வந்தது.
மீன் வரவில்லை.
ஸ்பேர்ஸ் கடைக்கு ஞாயிறு லீவு.
காலை ஐந்தே முக்காலுக்குக் கொருக்குப்பேட்டையில் முதல் ஊசி.

விளக்கு வைக்கிற நேரம்
எதிர்வீட்டு முபீனா வந்தாள்,
குடத்தைக் கவிழ்த்து ஆட்டியபடி.
"காலைலேருந்து உள்ளாற டிங்கு டிங்குன்னுது.
கொலுசு மணின்னு நெனச்சேன்.
இது உன்துதானே?"

டார்ச்சை அவள் பிடிக்க நான் மாட்டினேன்.
"தல எந்தப் பக்கம்?"
"போற பக்கம்."
கீழ்ச்செயினை விரலால் தூக்கிப் பார்த்தேன்.
ஒன்றரை விரல் தொய்வு.
இறுக்கினால் அறும், விட்டால் நழுவும்.
இதை வைத்துக் குடும்பத்துக்குப் பழமொழி சொல்ல
யாராவது வருவார்கள்.
நான் செயினைத்தான் சொல்கிறேன்.

மறுநாள் கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது.
எல்லாரும் உறுமவிட்டு நின்றார்கள்.
நான் இன்ஜினை அணைத்தேன்.
பின்னால் ஐஸ் பெட்டி காலியாய்க் குளிர்ந்தது.
அப்போதுதான் உறைத்தது:
டீயில் டீசல் வாசம் அடித்ததா என்று
முபீனாவிடம் கேட்கவே இல்லை.